நியூட்ரலில் விட்ட வண்டியும் மிச்சப்பட்ட டீசலும்

டீச்சர் மறுபடியும் நீளமாக எழுத ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கார், லாரி, வேன் ஓட்டுகிறவர்கள் மட்டுமாவது கடைசிவரை வாசித்துவிடுங்கள். வீட்டில் ஓட்டுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் மகளும் மருமகனும் புது வண்டி எடுத்தார்கள். டீசல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக் கியர். திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்கு அதில்தான் போனோம். இடைசெவல் தாண்டும்போது மருமகன் ஒரு குறை சொன்னார்.

"அத்தை, இந்த வண்டியில ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா யாரோ பின்னால கயிறு கட்டி இழுக்குற மாதிரி இருக்கு. பழைய கார் அது பாட்டுக்கு உருண்டுக்கிட்டே போகும். இது சட்டுன்னு வேகம் குறையுது. டீசல் வீணாப் போகுதோன்னு தோணுது."

சொல்லிக்கொண்டே ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் லிவரை நியூட்ரலுக்குத் தள்ளினார். "இப்பப் பாருங்க, எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுதுன்னு."

"மாப்பிள்ளை, கியர்ல போடுங்க!" என்று நான் கத்திவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த பேரன் விழித்துக்கொண்டான். மருமகன் ஒன்றும் பேசாமல் கியரில் போட்டார். கல்யாண வீட்டில் விளக்கம் சொல்ல நேரமில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

முதலில் மாட்டு வண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தாத்தா கரிசல் காட்டிலிருந்து பருத்தி ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி ஜின்னிங் பேக்டரிக்கு வண்டி அடித்தவர். கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை பெய்தால் ஊதும், வெயில் அடித்தால் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட தார்ரோடுகூட சில வருஷத்தில் அலை அலையாகிவிடும். அன்றைக்கு இருந்ததோ வெறும் வண்டிப்பாதை. அதில் இரும்புப் பட்டா போட்ட சக்கரம் தானாக உருண்டு போவது என்பதே கிடையாது. மாடு நின்றால் வண்டியும் நிற்கும்.

ஒரே ஒரு இடத்தில்தான் வண்டி மாட்டைத் தள்ளும். அது ஓடை இறக்கம். பாரம் முழுதும் முன்னால் சாய்ந்து நுகத்தடி மாட்டின் கழுத்தை நெருக்கும். பழகிய மாடுகள் முன்கால்களை ஊன்றி, பின்பக்கம் சாய்ந்து, வண்டியைத் தாங்கிப் பிடித்து இறக்கும். இழுக்கிற மாடு எது வேண்டுமானாலும் இழுத்துவிடும், இறக்கத்தில் பிடிக்கிற மாடுதான் மாடு என்று தாத்தா சொல்வாராம். இழுக்கிற உயிரேதான் பிடிக்கவும் செய்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருமகன் கேள்விக்கான பதிலில் பாதி இதுதான்.

அடுத்தது சைக்கிள். ஆரம்பகால சைக்கிள்களில் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். இறக்கத்தில் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. முன்சக்கரம் பெரிதாக இருந்த அந்தக் கால சைக்கிளில் இறக்கம் வந்தால் பெடலை விட்டுவிட்டு இரண்டு காலையும் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்களாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃப்ரீவீல் பரவலான பிறகுதான் மிதிக்காமல் போகும் சுகம் மனிதனுக்குக் கிடைத்தது. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலஸ் சைக்கிள்களைச் செய்து தள்ளியது. மிதிப்பதை நிறுத்தியதும் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் ஃப்ரீவீல். அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். தானாக உருண்டு போனால் அது லாபம் என்ற எண்ணம் அங்கேயே ஊறிவிட்டது.

இதே ஆசை காருக்கும் வந்தது. 1930இல் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கம்பெனி சைக்கிள் போலவே ஃப்ரீவீல் வைத்த கார்களை விற்றது. காலை எடுத்தால் இன்ஜின் தனியே நிற்கும், கார் தன் போக்கில் உருளும். மற்ற கம்பெனிகளும் தொடர்ந்தன. ஆனால் மலை இறக்கத்தில் பாரம் முழுதும் பிரேக் மேல் விழுந்தது. அந்தக் காலத்துப் பிரேக் அதைத் தாங்கவில்லை. சில வருஷங்களில் அந்த மோகம் அடங்கிவிட்டது. ஸ்வீடனின் சாப் கம்பெனியோ வெகுநாள் விடாமல் வைத்திருந்தது. அதற்குத் தனிக் காரணம் உண்டு. அந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகும். இறக்கத்தில் காலை எடுத்தால் பெட்ரோலோடு ஆயிலும் குறைந்துவிடும், இன்ஜின் காய்ந்துபோகும். அதைக் காப்பாற்றத்தான் அங்கே ஃப்ரீவீல்.

நம் பக்கம் எரிபொருள் சிக்கனத்துக்கு வேறு வழிகளும் தேடினார்கள். 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட் அவருடைய டிவிஎஸ் நிறுவனத்தில்தான் தயாரானது. பஸ்ஸின் பின்னால் உருளை கட்டி, கரி போட்டு ஓட்டிய காலம் அது. எண்ணெய் தட்டுப்பாடு வந்தால் மனிதன் எதையாவது கண்டுபிடிப்பான். சில சமயம் நல்லதை, சில சமயம் ஆபத்தானதை.

இப்போது எங்கள் அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பா லாரி டிரைவர் என்பது சொந்தங்களுக்குத் தெரியும். மாணவர்களில் பலருக்குத் தெரியாது. கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போவார். ஒரு ட்ரிப்புக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று முதலாளி கணக்கு வைத்திருந்தார். கூடச் செலவானால் சம்பளத்தில் பிடித்தம். மிச்சம் பிடித்தால் அந்தக் காசு டிரைவருக்கு. அதனால் கொஞ்சம் சரிவு தென்பட்டாலும் அப்பா நியூட்ரலில் விட்டுவிடுவார். பாலத்து இறக்கம், கண்மாய்க்கரை இறக்கம் ஒன்றையும் விடமாட்டார். எந்த இடத்தில் விட்டால் எந்த மைல்கல் வரை உருளும் என்பது அவருக்கு மனப்பாடம்.

1978இல் நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். விடுதிக் கட்டணம், நோட்டு, சார்ட் அட்டை, கற்பித்தல் கருவிக்கான சாமான் எல்லாவற்றுக்கும் அந்த மிச்ச டீசல் காசுதான். அப்பா அதைத் தனியாக ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைப்பார். "இது டீச்சர் காசு" என்பார்.

1973இல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியதையும், 1979இல் ஈரான் புரட்சிக்குப் பிறகு மறுபடி ஏறியதையும் சமூக அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் அரசாங்கம் எண்ணெய்ச் சிக்கனத்துக்கென்றே பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கத்தை 1978இல் ஏற்படுத்தியது. எங்கள் வீட்டில் அந்த விலையேற்றம் பவுடர் டப்பாவில் தெரிந்தது. முதலாளி லிட்டர் கணக்கை இறுக்கினார். அப்பா நியூட்ரலில் விடும் இடங்கள் கூடிக்கொண்டே போயின.

1979 ஐப்பசி. நல்ல மழை இரவு. ஆரியங்காவு தாண்டித் தென்மலைப் பக்கம் இறங்கும்போது, முழு லோடோடு நியூட்ரலில் விட்டிருக்கிறார். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்க மிதிக்க டிரம் சூடாகி, லைனர் கருகி வாசம் வந்திருக்கிறது. சூடேறிய லைனர் பிடிக்காது. அவசரமாகக் கியரில் போடப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்துக் கியர் பாக்ஸில் வேகம் கூடிவிட்டால் பல் கடிக்குமே தவிர கியர் விழாது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. அப்பா மலைப்பக்கம் ஒடித்து மோதினார். பின்னால் லோடு முழுக்கத் தீப்பெட்டி. புகைந்துகொண்டிருந்த சக்கரத்தை மழைதான் அணைத்தது.

அப்பாவுக்கு வலது முழங்கால் போனது. கூட இருந்த கிளீனர் அண்ணனுக்கு 20 வயதுகூட இருக்காது. அவருக்கு இடது கை விளங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது அப்பா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கியர் விழலம்மா." அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அந்த அண்ணனுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பதை மட்டும் சாகும்வரை நிறுத்தவில்லை.

நான் பயிற்சியை முடித்து வேலைக்கு வந்தேன். எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடம் எடுக்கும்போது கோலிக்குண்டை மணலிலும் சிமெண்ட் தரையிலும் உருட்டிக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? உராய்வு நமக்கு எதிரியா நண்பனா என்று கேட்பேன். எல்லோரும் எதிரி என்று கத்துவீர்கள். நான் ஏன் அந்தக் கேள்வியை வருஷா வருஷம் கேட்டேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஊட்டிச் சுற்றுலாவும் ஞாபகம் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ரயில் விட்டார்கள். 1908இல் அது உதகை வரை போனது. 12 அடி போனால் ஓரடி ஏற்றம் என்கிற அளவுக்குச் செங்குத்து. அதனால் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம், அதில் இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும். இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். இறக்கத்தில் நீராவியை நிறுத்திவிட்டு, அதே சிலிண்டர்களைக் காற்றை அழுத்தும் பம்பாக மாற்றிவிடுவார்கள். அழுத்தப்படும் காற்று பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும், ரயில் நிதானமாக இறங்கும். அதில் சிலிண்டர் சூடாகும் என்பதால் தண்ணீரையும் உள்ளே விடுவார்கள். 1871இல் ஸ்விட்சர்லாந்தின் ரிகி மலையில் பல்சட்ட ரயில் விட்ட ரிக்கன்பாக் என்ற பொறியாளரின் பெயரால் இந்தப் பிரேக்கை அழைக்கிறார்கள். தள்ளுகிற இன்ஜினே தாங்குகிறது. தாத்தாவின் மாடுகள் ஓடை இறக்கத்தில் செய்த அதே வேலை.

காரிலும் லாரியிலும் நடப்பது இதன் தம்பிதான். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றாது, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழி மூடிக்கொள்வதால் பிஸ்டன்கள் மூச்சு முட்டி இழுக்கும், அதில் வேகம் குறையும். டீசல் இன்ஜினில் அந்த மூச்சுமுட்டல் குறைவு. உள் உராய்வும், காற்றை அழுத்துவதில் போகும் சக்தியும்தான் பிடிக்கும். அதனால்தான் பெரிய லாரி, பஸ்களில் புகை போகும் குழாயை அடைத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைக்கிறார்கள்.

அப்படியென்றால் பழைய ஆட்டோமேட்டிக் கார்கள் ஏன் வழுக்கிக்கொண்டு போயின? 1940ஆம் வருஷ மாடலாக ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஹைட்ராமேட்டிக் என்ற முழு ஆட்டோமேட்டிக் கியர் வந்தது. அதில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே இரும்புப் பிடிப்பு கிடையாது, ஆயில்தான். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுற்றவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் அங்கே ஆயில். பிறகு வந்த டார்க் கன்வெர்டரும் இதே வழிதான். ஆயில் வழுக்குவதால் காலை எடுத்தால் இன்ஜின் அழுத்தமாகப் பிடிக்காது. சுகமான ஓட்டம்தான், ஆனால் அந்த வழுக்கலில் எண்ணெய் வீணானது. இரண்டு பக்கத்தையும் இறுகப் பூட்டும் லாக்-அப் கிளட்சை 1949இலேயே பேக்கார்ட் கம்பெனி வைத்துப் பார்த்தது. எண்ணெய் விலை ஏறிய பிறகுதான் அது பரவியது. கிரைஸ்லர் 1978இல் கொண்டுவந்தது.

அந்த வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் வாசிப்பு ஓடவில்லை. நான் பயிற்சியில் சேர்ந்த வருஷம். அதே விலையேற்றத்துக்கு அமெரிக்க இன்ஜினியர்கள் சக்கரத்தையும் இன்ஜினையும் இறுகப் பூட்டினார்கள். என் அப்பா இரண்டையும் பிரித்துவிட்டார்.

1967இல் பாஷ் கம்பெனியின் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் கார்களில் வரத் தொடங்கியது. நம் நாட்டில் 2000ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு வந்தபோது மாருதி 800கூட கார்புரேட்டரை விட்டு அதற்கு மாறியது. கார்புரேட்டர் வண்டியில் காலை எடுத்தாலும் கொஞ்சம் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். அதனால் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்பதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், இன்ஜினைச் சக்கரமே சுற்றிக்கொள்கிறது என்று தெரிந்து எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க அது டீசல் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆக, மாப்பிள்ளை, உங்கள் வண்டி பின்னால் இழுக்கிற அந்த நேரத்தில் ஒரு சொட்டு டீசல்கூடச் செலவாவதில்லை. லாக்-அப் கிளட்ச் பூட்டியே இருக்கிறது. வேகம் குறையக் குறைய கியர் தானாகக் கீழே இறங்கி இன்னும் பிடிக்கிறது. அதோடு வண்டி உயரம், அகலம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 50 கிலோமீட்டர் வேகத்தில் இருந்ததைப்போல 100இல் நான்கு மடங்கு. அகல டயரும் ஏசியும் தங்கள் பங்குக்குப் பிடிக்கும். இவையெல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் சொன்ன கயிறு.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூடாக இருந்தாலோ, வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, அது பிரேக் ஒட்டிக்கொண்டிருப்பதன் அடையாளம். அதை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

சமதளத்தில் நியூட்ரல் போட்டால் தூரம் உருளுமே, அது லாபம்தானே என்று கேட்பீர்கள். தூரம் உருளும் என்பது உண்மைதான். சில வெளிநாட்டு ஆட்டோமேட்டிக் கார்களில், சமதளத்தில் கம்ப்யூட்டரே பார்த்து இன்ஜினைப் பிரித்துவிடும் வசதிகூட இருக்கிறது. பிரேக்கைத் தொட்டதும் மறுபடி பூட்டிக்கொள்ளும். அதை வண்டி செய்யட்டும், நாம் லிவரைத் தள்ள வேண்டாம். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் ஓரிரு மிதிக்கு மேல் இருக்காது, பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

மலை இறக்கத்தில் லிவரை மேனுவலுக்கோ எல்லுக்கோ தள்ளி, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். உதகையிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கியரில் இறங்குங்கள் என்று அங்கே போர்டு வைத்திருப்பது அழகுக்கு அல்ல.

கடைசியாக ஒன்று. இதை எழுதுமுன், டீசல் பம்ப் சர்வீஸ் பட்டறை வைத்திருக்கும் என் மாணவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இன்று எனக்குப் பாடம் எடுத்தார்.

"டீச்சர், இது கம்ப்யூட்டர் வண்டிக்கு மட்டும் இல்ல. அந்தக் காலத்து லாரி பம்ப்லயும் கவர்னர்னு ஒண்ணு இருக்கும். கியர்ல இறங்கும்போது கால எடுத்தா அது டீசல அடைச்சிரும். நியூட்ரல்ல விட்டாத்தான் இன்ஜின் அணையாம இருக்கக் குடிக்கும்."

"அப்ப மலை இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா?"

"ஒண்ணும் மிச்சமாகாது டீச்சர். கியர்ல இறங்குனாலும் டீசல் போகாதுல்ல. பிரேக்குதான் தேயும்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கரிசல் காட்டுச் சரிவுகளில் அப்பா மிச்சம் பிடித்தது நிஜம். அதில்தான் நான் படித்தேன். ஆனால் அன்றிரவு ஆரியங்காவு இறக்கத்தில் அவர் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. அதைச் சொல்லிக் கொடுக்க அவருக்கு யாரும் இல்லை. டீச்சராகப் போகிற மகளுக்கும் அன்று அது தெரியவில்லை.

மருமகன் இப்போது வண்டியைப் பற்றிக் குறை சொல்வதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கழுகுமலை போய் வந்தோம். வழியில் ஒரு இறக்கத்தில் காலை எடுத்தார், வண்டி தானாகத் தயங்கியது. "அத்தை, மாடு பிடிக்குது" என்றார்.

உங்களில் லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இந்த வயதில் மாணவர்களிடம் பாடம் கேட்பது எனக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்